கரையில்லாத கடலில் குறிபார்த்தல்

நீர்மூழ்கிக் கப்பல் விளையாட்டில் குறிபார்க்கும் வேலையைக் கணினியிடமே விட்டுவிடலாம். தூரம், வேகம், திசை எல்லாவற்றையும் அதுவே கணித்துவிடும். நாம் பொத்தானை அழுத்தினால் போதும். நான் அந்த வசதியை நிறுத்தி வைத்திருந்தேன். காரணம் ஒரு வகுப்பு.

கல்முனையில் ஒரு ரியூஷன் நிலையத்தில் உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கச் சேர்ந்திருந்தேன். அடுத்த திங்கள் சார்பு வேகம் தொடங்க வேண்டும். எனக்கு நல்ல புள்ளி கிடைத்த பாடம்தான். ஆனால் பழைய வினாத்தாள்களை மனனம் செய்து எடுத்த புள்ளி அது. எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். சந்தையில் யாரைக் கண்டாலும் வாப்பா, "நம்மட மகன் கணக்குப் படிப்பிக்கிற சேர்" என்பார். கேட்கும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றிவிடுவேன். இந்த விளையாட்டில் சுட்ட குறி ஏன் பட்டது, ஏன் தவறியது என்று திங்களுக்குள் எனக்கே விளங்காவிட்டால், அந்தப் பாடத்தை வேறொருவரிடம் கொடுக்கச் சொல்வதென்று முடிவெடுத்தேன்.

முறை என்னவோ அழகானது. பெரிஸ்கோப்பில் கப்பலின் கொடிமரம் எவ்வளவு உயரமாகத் தெரிகிறதோ, அதிலிருந்து தூரம் வரும். நாம் அசையாமல் நின்று, கப்பலின் மூக்கு நடுக்கோட்டைத் தொட்டதிலிருந்து வால் கடக்கும்வரை விநாடிகளை எண்ணினால் வேகம் வரும். போகும் திசையையும் சேர்த்து சதுர ரூல் கொப்பியில் ஒரு முக்கோணம் வரைய வேண்டும். கப்பல் இருக்கும் இடத்துக்கு அல்ல, அது வரப்போகும் இடத்துக்கு டோர்பிடோவை அனுப்ப வேண்டும்.

முதல் கப்பலிலேயே பட்டுவிட்டது. அடுத்த ஐந்தும் தவறின. சுட்டவுடன் பெரிஸ்கோப்பை இறக்கிவிடுவேன். திரும்ப ஏற்றிப் பார்த்தால் கப்பல் ஒன்றும் அறியாததுபோலப் போய்க்கொண்டிருக்கும். தூரத்தில் பிழையோ, எண்ணியதில் பிழையோ என்று கொப்பியை நிரப்பினேன்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தபோது, என்னோடு படித்த நண்பன் வீட்டில் காத்திருந்தான். பரீட்சைக்குப் பிறகு தன் தகப்பனோடு கடலுக்குப் போகத் தொடங்கிய தமிழ்ப் பொடியன். கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தவறிய கப்பல்கள் எந்தப் பக்கம் நின்றன என்று கேட்டான். எல்லாமே மேற்கில். பட்டது மட்டும் கிழக்கில்.

"இந்தக் கடைசிக் கப்பல் உன்ட கண்ணுக்கு எந்தக் கைப் பக்கம் போச்சு?"

"வலக்கைப் பக்கம்."

"அப்ப எந்தத் திசைக்குப் போகுது?"

"தெற்க" என்றேன், யோசிக்காமலே.

அவன் சிரிக்கத் தொடங்கினான். "மச்சான், நடுக்கடலுக்குப் போயும் நீ நம்மட கரையிலதான் நிக்காய்."

கொப்பியை என் பக்கம் இழுத்தேன். எங்கள் ஊரில் கடல் என்றால் கிழக்கு. கடலைப் பார்த்து நின்றால் வலது கை தெற்கு. பிறந்ததிலிருந்து அப்படித்தான். கப்பல் நின்ற இடத்தைக் கருவி காட்டியபடி மேற்கில் குறித்துவிட்டு, அது போன திசையை மட்டும் என் ஊர்க் கரையில் நின்று எழுதியிருக்கிறேன். மேற்கைப் பார்ப்பவனுக்கு வலது கை வடக்கு.

சேமித்து வைத்திருந்த ஆட்டத்திலிருந்து ஆறாவது கப்பலைத் திரும்ப எடுத்தோம். அம்புக்குறியை வடக்கே திருப்பி, சைன் விதியைப் போட்டேன். வந்த கோணத்துக்குச் சுட்டேன். பெரிஸ்கோப்பை இறக்கவில்லை. டோர்பிடோ ஒன்றுமே இல்லாத வெறும் தண்ணீரை நோக்கி ஓடியது. அவன் போனில் விநாடி பார்த்தான். கப்பல் தன் பாட்டில் வந்தது. கொப்பியில் இரண்டு கோடுகள் சந்தித்த அதே புள்ளிக்கு, எழுதிய அதே நேரத்துக்கு, இரண்டும் வந்து சேர்ந்தன. சுப்ஹானல்லாஹ் என்று மட்டும் வாயில் வந்தது. இத்தனை வருடம் மனனம் செய்த ஒரு வரிக்குள் இவ்வளவு பெரிய கடல் இருந்திருக்கிறது.

"இனி எங்கட மீன்பிடி போட்டுக்குக் கிட்ட வந்திராத" என்றான் அவன்.

திங்களன்று வகுப்புக்குப் போனேன். கரும்பலகையில் எதையும் எழுதுமுன், எல்லோரையும் மேற்குச் சுவரைப் பார்க்கத் திரும்பச் சொன்னேன். அந்தச் சுவர் கடல், அதில் ஒரு கப்பல் வலக்கைப் பக்கம் போகிறது, எந்தத் திசை என்று கேட்டேன்.

"தெற்கு, சேர்" என்றது வகுப்பு, ஒரே குரலில்.

பின்வரிசையில் ஒரு பிள்ளை மட்டும் கண்ணை மூடி, தன் வலது கையைப் பக்கவாட்டில் மெல்ல உயர்த்தி, அது எங்கே நீள்கிறது என்று கண்ணைத் திறந்து பார்த்தாள்.