தாழ்ப்பாள் எந்தப் பக்கம்

"அந்த ரூமுக்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?" என்று மாமா கேட்டார்.

மாமா என் அம்மாவின் தம்பி, தச்சர். அவர் வீட்டில் தங்கித்தான் பெண்கள் கல்லூரியில் படித்தேன். கட்டுரைக்காகப் படித்த ஆங்கில நாவலின் கதையை, அவர் சட்டம் இழைத்துக்கொண்டிருந்தபோது சொன்னேன். தட்டுமுட்டுச் சாமான் போடும் அறையில் ஒரு சிறுமி தனியே இருந்து வளர்ந்து பெரியவளாகும் கதை அது.

"எந்தப் பக்கமா இருந்தா என்ன மாமா? அந்த ரூம் அவ சுதந்திரத்துக்கு அடையாளம்."

"அடையாளம் கிடக்கட்டும். வெளிப்பக்கம் இருந்தா அது கோழிக்கூடு."

சமையலறையிலிருந்து அத்தை குரல் கொடுத்தார். "நம்ம வீட்டுக் கோழிக்கூட்டை யாரு செஞ்சாங்களாம்?"

இழைப்புளி நின்றது.

நான் புத்தகத்தைப் புரட்டினேன். கட்டுரையை எழுதி முடித்திருந்தும் தாழ்ப்பாள் பற்றிய வரியைக் கவனித்திருக்கவில்லை. "வெளிப்பக்கம்தான் மாமா."

"அப்புறம்?"

"பெரியவளானதும் வீட்டை விட்டுப் போயிட்டா. திரும்பி வரவே இல்லை."

மாமா மறுபடி இழைக்கவில்லை.

எந்தப் பலகையை அளந்தாலும் "இன்னும் அரை அங்குலம்" என்பார். அதனால் அவருக்கு அரை அங்குலம் என்றே பெயர். அத்தனை கணக்காக வேலை செய்பவர், தன் வீட்டுச் சாமான் அறைக்கு வெளியில் மட்டும் தாழ்ப்பாள் வைத்திருந்தார். சாமான் உள்ளேயிருந்து பூட்டிக்கொள்ளப் போவதில்லையே. பதினைந்து வயதானதும் அவர் மகள் புத்தகங்களோடு அந்த அறைக்குக் குடிபோனாள். தாழ்ப்பாள் இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்கு முந்தின மாதம் ஒரு வாக்குவாதத்தில், அவள் உள்ளே இருக்கும்போதே மாமா அதைப் போட்டுவிட்டார். ஐந்து நிமிடத்தில் திறக்கலாம் என்று நினைத்தாராம். அதற்குள் வேலைக்கு ஆள் வந்து கூப்பிட, மறந்து போய்விட்டார். கடைக்குப் போயிருந்த அத்தை வந்து திறக்க மூன்று மணி நேரம் ஆனது. அன்றிலிருந்து மகள் வாயில் 'அப்பா' என்ற சொல் வரவில்லை.

மறுநாள் மாமா வேலைக்குப் போகவில்லை. வெளித் தாழ்ப்பாளைக் கழற்றி, ஆணித் துளைகளை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்தார். உள்பக்கம் புதுத் தாழ்ப்பாள் பொருத்தினார். அதற்கும் இரண்டு முறை அளந்தார். கடைசித் திருகாணியை முடுக்கும்போது மகள் பள்ளியிலிருந்து வந்தாள். பையைக்கூட இறக்காமல் நின்று பார்த்தாள்.

மாமா அவள் பக்கம் திரும்பவில்லை. என்னிடம்தான் சொன்னார்.

"உள்ள போய்த் தாழ்ப்பாளைப் போடும்மா. நான் வெளிய இருந்து தள்ளிப் பாக்கறேன். என்னால திறக்க முடியக் கூடாது."