மெழுகிய சுவர்

அபோந்தி வீட்டுக் குளிர்பெட்டிக்குள் துணிமணிதான் இருந்தது. நைரோபியிலிருந்து அவள் அண்ணன் லாரியில் ஏற்றி அனுப்பிய பெட்டி அது. ஒபாரோ ஊருக்கு மின்சாரம் வராதது அவனுக்குத் தெரியாதா என்ன? இதோ வந்துவிடும் என்று தேர்தல் மேடைக்கு மேடை சொன்னதை நம்பிவிட்டான், பாவம். ஆறு வருடமாகப் பெட்டி அலமாரியாக உழைக்கிறது.

அவள் பிழைப்பு மீன். விடியலில் ஏரிக்கரைக்குப் படகு வந்ததும் திலாப்பியா வாங்குவாள். உச்சி வெயிலுக்குள் விற்றால் உண்டு. சந்தை லாரி வராத நாளில் கூடையோடு குழிதோண்டிப் புதைக்க வேண்டியதுதான். அப்படிப் புதைக்கும்போதெல்லாம் அந்தப் பெட்டியை நினைத்து அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வரும்.

சூரிய மின்சாரக் கம்பெனி ஒன்று ஊருக்குள் வர அனுமதி கேட்டபோது மரத்தடியில் கூட்டம் போட்டார்கள். வட்டார உறுப்பினர் ஒகும்பே எகிறிக் குதித்தார்.

"வெயில்ல கரண்டா? பொம்மை! வெள்ளைக்காரன் நிலக்கரி எரிச்சுப் பணக்காரனானான். நமக்கு மட்டும் வெயிலக் காட்டுறான். இதை வாங்கினா அரசாங்கத்தோட பெரிய கம்பி நம்ம ஊரை எட்டிக்கூடப் பாக்காது!"

"பெரிய கம்பி இருபது வருஷமா உங்க தலைக்கு மேலதானே போகுது?" என்றார் கம்பெனியின் பொறியாளர் முதாமா. "ஒரு நாளாவது கீழ இறங்கிச்சா?"

இப்படியே மூன்று மணி நேரம். புகை, சுத்தம், நாட்டின் உரிமை, உலகத்தின் சூடு. மடியில் கூடையோடு இருந்த அபோந்திக்குப் பொறுக்கவில்லை.

"ஐயாமாரே, வெயிலோ கரியோ, எதுன்னாலும் எனக்குச் சரி. எது எரியுதுன்னு என் மீனு கேக்காது. நீங்க பேசி முடிக்கிறதுக்குள்ள நாறிப் போச்சு, மூக்குல ஏறலையா?"

கூட்டம் சிரித்தது. அந்த இரண்டு பேரும்கூடச் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்தே சண்டையைத் தொடர்ந்தார்கள்.

கடைசியில் கம்பெனிக்கு அனுமதி கிடைத்தது. ஆட்கள் வந்து வீட்டுக்கு வீடு சுவரில் சிவப்புச் சாயத்தால் இணைப்பு எண் எழுதினார்கள். அபோந்தி வீடு முப்பத்தேழு. அவர்கள் போன மறுநாளே ஒகும்பே தெருத்தெருவாக வந்தார். "எண்ணைச் சுரண்டிப் போடுங்க, பெரிய கம்பி வரும்" என்றார். ஒன்பது வீட்டார் சுரண்டினார்கள்.

"உங்க வீட்டுல ஜெனரேட்டர் ஓடுது, நீங்க எத்தனை வருஷம்னாலும் காத்திருப்பீங்க. போங்கய்யா!" என்று விரட்டிவிட்டாள் அபோந்தி.

வியாழக்கிழமை இணைப்புக் கொடுக்க வருகிறார்கள் என்று சேதி வந்தது. வீட்டுக்கு ஆள் வரும்போது சுவர் வெடித்துக் கிடந்தால் அந்த ஊரில் பெண்களை நாக்கால் உரித்துவிடுவார்கள். புதன் முழுக்கச் சாணியும் செம்மண்ணும் குழைத்துக் கையாலேயே மெழுகினாள். விரலால் அலை அலையாகக் கோடு இழுத்தாள். அடியில் சாம்பல் பட்டை போட்டாள். எண் இருந்த இடத்தையும் சேர்த்தே மெழுகினாள். அதுதான் அவர்கள் ஏட்டில் இருக்கிறதே, சுவரில் எதற்கு?

வந்தவர்கள் சுவரைப் பார்த்தார்கள், செல்போனில் எதையோ தட்டினார்கள், அடுத்த வீட்டுக்கு நடந்தார்கள். அவள் ஓடிப்போய், அவர்களோடு வந்திருந்த முதாமாவின் கையைப் பிடித்தாள்.

"எண்ணை அழிச்ச வீடு, வேண்டாம்னு சொன்ன வீடும்மா. அப்படித்தான் எங்களுக்கு உத்தரவு."

"அழிக்கலய்யா! நீங்க வர்றீங்கன்னுதான் மெழுகினேன்!"

அவர் முகம் வாடிப்போனது. வாடி என்ன செய்ய? செல்போனில் தட்டியதுமே அவள் மீட்டரும் மறுத்த வீடுகளின் மீட்டரோடு பக்கத்து ஊர்க் கணக்கில் ஏறிவிட்டது. அடுத்த கட்டத்தில் பார்க்கலாம் என்றார். எப்போது என்று கேட்டதற்கு, நிதி வரவேண்டும் என்றார். எண்ணைச் சுரண்டச் சொல்லி ஊர் சுற்றிய ஒகும்பே தன் வீட்டு எண்ணை மட்டும் தொடவில்லை. அவர் வீட்டில் அன்று மத்தியானமே விளக்கு எரிந்தது. அபோந்தி வாசலில் உட்கார்ந்து, கேட்க ஆளில்லாமல், தொண்டை கட்டும்வரை திட்டினாள்.

திறப்பு விழாவுக்குப் படம் எடுக்க வந்தவன் ஊரெல்லாம் சுற்றிவிட்டு அவள் வீட்டு முன் நின்றான். ஊரிலேயே அழகான சுவர் அதுதான். ஒரு பக்கம் முதாமா, மறுபக்கம் மாலையோடு ஒகும்பே, நடுவில் அவளை இழுத்து நிறுத்தினார்கள்.

"கொஞ்சம் சிரிங்கம்மா. ஊருக்கு வெளிச்சம் வந்திருக்கு!"

அபோந்தி முதாமாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"இந்த வீட்டுக்காரி கரண்டு வேண்டாம்னுட்டான்னு எழுதி வச்சிருக்கீங்களே, அதுக்குக் கீழயே சிரிப்பும் வேண்டாம்னுட்டான்னு எழுதிக்கோங்க."