பம்பைக் கட்டியிருந்த பட்டை

அந்தோணி, என் நாயை ஒழித்தது நீதான்.

வேளாங்கண்ணிக்குச் சைக்கிளில் போக நாம் இருவரும் திட்டம் போட்டபோது, "உன் நாய் பின்னாடியே ஓடியாந்தா பேஜாரு மாமு" என்றாய். அடுத்த வாரமே கறுப்பனைக் காணோம். நாய் பிடிக்கும் வண்டிக்காரனோடு சண்டை போட்டேன். பக்கத்து வீட்டுக்காரனை அடிக்கப் போனேன். நீயோ என்னோடு கொருக்குப்பேட்டை வரை வந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தேடினாய்.

நேற்று உன் சைக்கிளில் காற்றடிக்கும் பம்பைக் கட்டியிருந்த பட்டையைப் பார்த்தேன். துறைமுகத்துக் கித்தானில் நானே தைத்த கறுப்பனின் கழுத்துப்பட்டை!

"கடலோரம் கெடந்துது மாமு, எடுத்துக்கினேன். இன்னா இப்போ?"

"கூடத் தேடும்போதே ஏண்டா சொல்லல?"

நீ சைக்கிளில் ஏறிப் போய்விட்டாய். இனி யார் உதவ வந்தாலும் முதலில் அவர்கள் கையைத்தான் பார்ப்பேன்.

ஞாயிறு பூசை முடிந்து, வேளாங்கண்ணிக்குக் கிளம்பும் நம் சைக்கிள்களுக்குச் சாமியார் தீர்த்தம் தெளிப்பார். ராயபுரமே கோயில் வாசலில் நிற்கும். தெளிப்பதற்கு முன், எல்லோர் காதிலும் விழச் சொல்: என் நாய் எங்கே?