டியூப்லெஸ் யோசனையில் மறந்த டயர்

என் ரோடு சைக்கிளுக்கு டியூப்லெஸ் டயர் போடலாமா என்று பல வாரங்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். பழைய முன் டயரின் ஓரத்தில் உள்நூல் வெளியே தெரிந்தது. எப்படியும் மாற்றப்போகிறோமே என்று அதையே ஓட்டினேன்.

சென்ற ஞாயிறு காலை, திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகும் சாலையில், உடன் வந்த நண்பர் சேவியர் கேலி செய்தார்.

"இன்னா மாமு, இன்னும் யோசிச்சுகினே கீறியா? பொண்ணு பாக்கவே இவ்ளோ நாள் ஆவாது!"

நான் சிரித்து முடிப்பதற்குள் முன் டயர் படாரென்று வெடித்தது. ஹேண்டில் கைக்கு அடங்கவில்லை. சாலையில் விழுந்தேன். பின்னால் கன்டெய்னர் லாரியின் பிரேக் அலறியது. கண் திறந்தபோது அதன் சக்கரம் என் தலைக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. ரப்பரின் சூடு முகத்தில் அடித்தது.

டிரைவர் குதித்து இறங்கினார். "நைனா, உயிரோட கீறியா?" நான் கையூன்றி எழுந்து உட்கார்ந்தேன்.

நூல் விட்ட இடத்தில்தான் டியூப் பிதுங்கி வெடித்திருந்தது. சேவியர் அதைத் தொட்டுப் பார்த்தார். "டியூப்லெஸ்ஸு அப்பால இருக்கட்டும். இத்த இன்னாத்துக்கு ஓட்டினே?"

அன்றே புது டயர் போட்டேன். சாதாரண டியூப் டயர்தான். தினமும் கிளம்புமுன் இரண்டு டயர்களையும் சுற்றிலும் விரலால் தடவிப் பார்க்கிறேன். டியூப்லெஸ் பற்றிப் பிறகு முடிவெடுக்கலாம். இப்போதைக்கு, பின்னால் கன்டெய்னர் லாரியின் சத்தம் கேட்டாலே, ஓரமாக இறங்கி நின்றுவிடுகிறேன்.