தவராசா அண்ணையின் கழுகுக் காசு

தவராசா அண்ணை இறந்துவிட்டார் என்ற செய்தி மிசிசாகாவில் என் அலுவலக மேசைக்கு வந்தது. அழைத்தவர் நம் நாணயச் சேகரிப்பாளர் வட்டத்துச் சிவநேசன்.

"நித்திரையிலையே போயிட்டாராம். உமக்குத்தான் முதல் சொல்லுறன். ஏனெண்டு தெரியும்தானே."

தெரியும். எனக்கு முதலில் நினைவு வந்ததும் அந்தக் கழுகுக் காசுதான். அண்ணையை அறிந்தவர்கள் இதை மன்னிப்பார்கள். என்னை அறிந்தவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள்.

வட்டத்துக்குப் புதியவர்களுக்காகச் சொல்கிறேன். போருக்குப் பிறகு மேற்கு ஜேர்மனி வெளியிட்ட முதல் வெள்ளி நினைவு நாணயம் அது. ஓர் அருங்காட்சியகத்தின் நூற்றாண்டுக்காக 1952இல் அடித்த ஐந்து மார்க். ஒரு பக்கத்தில் கழுகு வடிவில் பழங்காலத்து உடை ஊசி ஒன்று இருக்கும். குறைவாகவே அடித்ததால் எளிதில் அகப்படாது. அதற்குப் பிறகு வந்த வெள்ளி ஐந்து மார்க்குகளையும் பத்து மார்க்குகளையும் நான் ஒன்றொன்றாகச் சேர்த்துவிட்டேன். முதலாவதற்குரிய இடம் மட்டும் என் பெட்டியில் வெறுமையாகவே கிடந்தது.

அந்தக் காசு அண்ணையிடம் போனதற்கு நானே வழிகாட்டி. அஜின்கோர்ட்டில் ஒரு வயதான ஜேர்மன் அம்மையார் வீட்டைக் காலி செய்கிறார் என்று விளம்பரத்தில் கண்டேன். பழைய காசு ஏதும் இருக்கலாம் என்று போனபோது, மொழிக்கு உதவியாக அண்ணையையும் கூட்டிப் போனேன். அவர் கனடாவுக்கு வருமுன் ஜேர்மனியில் ஸ்ருட்காட் நகரில் ஓர் உணவக அடுக்களையில் வேலை செய்தவர். நான் கையுறை போட்டு, பூதக்கண்ணாடியுடன் அவர் காசு போட்டு வைத்திருந்த பிஸ்கட் பேணியைக் கிளறிக்கொண்டிருந்தேன். அண்ணை பேணியைத் திரும்பியும் பார்க்கவில்லை. அந்த அம்மையாரின் ஊர்ச் சூப்பில் என்ன போடுவார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார். கோப்பி வந்தது. கேக் வந்தது. கடைசியில் அம்மையார் மேசை லாச்சியைத் திறந்து, கழுகை எடுத்து அண்ணையின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார். நான் பேணியில் இருந்த சாதாரணக் காசுகளோடு திரும்பினேன்.

"நான் கேக்கேல்லை. அவவாத் தந்தா," என்றார் காரில்.

"எனக்கு விலைக்கு விட்டுத் தரலாமே அண்ணை."

"ஒராள் அன்பாத் தந்ததை விக்கிறதோ? நான் செத்தாப் பிறகு வாரும். தரச் சொல்லிவிடுறன்."

நான் காரின் வானொலியைச் சத்தமாக வைத்தேன்.

மியூனிக் ஒலிம்பிக் நாணயங்களைப் பற்றி நம் வட்டத்து மலரில் நீண்ட கட்டுரை ஒன்று எழுதினேன். முதல் பத்து மார்க்கில் 'ஜேர்மனியில்' என்று பொறித்தார்கள். ஒலிம்பிக் நகருக்கு உரியது, நாட்டுக்கு அல்ல என்று கிழக்கு ஜேர்மனி எதிர்த்தது. அடுத்தவற்றில் 'மியூனிக்கில்' என்று மாற்றினார்கள். அந்தக் கட்டுரையைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கடை ஒன்றில் நடக்கும் எங்கள் மாதக் கூட்டத்தில் அண்ணை இரண்டு காசுகளையும் மேசையில் போட்டார். "பாத்தியளே, பேர் போட்டதுக்கே சண்டை. எங்களுக்குத் தெரியாத கதையோ?" சாப்பாட்டுக்கடையே சிரித்தது. அவருடைய விளக்கம் பிரமாதம் என்று சிவநேசன் என்னிடமே வந்து சொன்னார்.

வெள்ளிக் காசுகளை அவர் வெறுங்கையால் எடுத்துச் சுற்றுக்கு விடுவார். விரல் ரேகை படியும் என்று நான் கத்துவேன். "கை படாட்டி அது காசே இல்லை. நீர் கையுறையைச் சேர்க்கிற ஆள்," என்பார். அதற்கும் சிரிப்பார்கள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகு ரூஜிலுள்ள அவர் வீட்டுக்குப் போனேன். என் கூச்சம் ஆசையை வெல்லவில்லை. நான் வாய் திறக்குமுன்னே அண்ணையின் மனைவி, அக்கா, உள்ளே போய், பட்டுத்துணியில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தார்.

"உங்களுக்குத்தான் குடுக்கச் சொன்னவர். ஒரே கறுப்பாக் கிடந்தது. உப்பிடியே குடுக்கிறதோ? திருநீறு போட்டு வடிவாத் தேய்ச்சு விட்டனான்."

துணியை விரித்தேன். கழுகு புதுக் குத்துவிளக்கைப் போல மின்னியது. எழுபது வருடக் காற்று வெள்ளியில் படிய வைத்த கருநீல நிறம் முழுவதும் போயிருந்தது. தேய்த்த காசைச் சேகரிப்பாளர் எவரும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார். சிறகுகளின் இடுக்கில் மட்டும் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது.

"நல்லா மினுங்குது, என்ன?"

"ஓம் அக்கா. நல்ல வடிவு."

போன கூட்டத்துக்கு அதைக் கொண்டுபோனேன். இனிக் காப்பாற்ற என்ன இருக்கிறது என்று கையுறை இல்லாமல் எடுத்துச் சுற்றுக்கு விட்டேன். என் காசு ஒன்று கைமாறியது அதுவே முதல் தடவை. ஒவ்வொருவரும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்கள். "தவராசா அண்ணையின்ரை காசு" என்று சொல்லிச் சொல்லி அடுத்தவருக்குக் கொடுத்தார்கள். அது இப்போது என்னுடையது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். பெட்டியில் அதற்கென்று வைத்த இடம் இன்னும் வெறுமையாகவே கிடக்கிறது. காசு என் கோட்டுப் பையில், வெறும் விரலுக்கு எட்டும்படி இருக்கிறது. யார் கேட்டாலும் தவராசா அண்ணையின் காசு என்றுதான் சொல்கிறேன்.