காலையிலேயே எழுதி வைத்த தீர்மானம்

பாகூரில் எங்கள் கல்விச் சங்கத்துக்கு நான் காரியதரிசி. தலைவி, ஊரார் 'மதாம்' என்று அழைத்த யூதப் பெண்மணி. ஜெர்மனியில், யூதப் பள்ளிகளுக்கு ஆசிரியர்களைத் தயார் செய்யும் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். அங்கே யூதர்களைத் துரத்தியபோது, பிரெஞ்சு நண்பர்கள் உதவியால், அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த எங்கள் பக்கம் வந்து சேர்ந்தார். அத்தனை படித்தவருக்கு எங்கள் ஓட்டுக் கொட்டகைப் பள்ளிக்கூடம் எந்த மூலைக்கு என்று நினைத்தேன். இரண்டே வருஷத்தில் தமிழ் கற்று என் வாயை அடைத்துவிட்டார்.

அவர் கொண்டுவந்த முறை யூதர்களுடையது. இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம். உரக்கப் படித்து வாதாட வேண்டும். எதிராளி சொன்னதை, அந்தப் பிள்ளையே 'ஆமாம்' என்று ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொன்ன பிறகுதான் தன் கட்சியைப் பேசலாம். பள்ளிக்கூடம் சந்தைக்கடை மாதிரி இரையும்.

மிராசுதாரின் மகளுக்கு ஜோடி, அவர் வயலில் நடவு நடுகிறவளின் மகள். வந்தது வினை. சேரிப் பிள்ளைகளைத் தனியே உட்கார வைக்கவேண்டும் என்று அவர் சங்கத்தைக் கூட்டச் சொன்னார். புத்தகங்களெல்லாம் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுடையவை; தனியே என்றால் சேரிப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கிடையாது. அந்தப் பெண்ணின் படிப்பு அதோடு சரி. ஊரில் பாதி அவர் நிலம். ஜெயிப்பது யார் என்று எனக்குத் தெரியாதா? மகா புத்திசாலியாக, 'பிரிப்பதென்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று காலையிலேயே மினிட் நோட்டில் எழுதி வைத்துவிட்டேன்.

கூட்டத்தில் மதாம் எழுந்து முதலில் மிராசுதார் கட்சியைச் சொன்னார். ஊர் வழக்கம், உறவினர் ஏச்சு, நாளைக்குப் பெண்ணுக்கு வரன் அமையவேண்டுமே என்ற கவலை. அவரே அவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்க முடியாது. மதாமே கட்சி மாறிவிட்டாரோ என்று நினைத்தேன். பிறகு தம் கட்சியைச் சொல்லி, அதை மிராசுதார் திருப்பிச் சொல்லட்டும் என்றார்.

அவர் இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவையும் மதாம் அது இல்லை என்றார். மூன்றாம் தடவை குரல் இறங்கியிருந்தது.

"அந்தப் பொண்ணுக்குப் பொஸ்தவம் வேணும். எம் பொண்ணுக்கு எதுத்துப் பேச ஒரு ஆள் வேணும். எங்க வூட்டுல அப்படி யாருமில்ல. அதான சொல்றீங்க?"

மதாம் ஆமாம் என்றார். பிரிக்கவேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்றபோது மிராசுதார் கை எழவில்லை. அவரைப் பார்த்து மற்றவர்களும் கையை மடியிலேயே வைத்துக்கொண்டார்கள்.

நோட்டைக் கையெழுத்துக்கு நீட்டும்போதுதான் என் காரியம் ஞாபகம் வந்தது. அவசரமாக அந்த வரியை அடித்துவிட்டுத் தாளையும் கிழிக்கப்போனேன். மதாம் நோட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கிழிக்க வேண்டாம். தோற்ற கட்சியையும் எழுதி வைப்பது யூதர்களாகிய எங்கள் வழக்கம்" என்று தம் புத்தகத் தமிழில் சொல்லி, அடியில் கையெழுத்திட்டார்.

அந்தப் பெருந்தன்மையை இன்றும் வியக்கிறேன். ஆனால் மிராசுதார் தம் கட்சியைக் கூட்டத்திலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தத் தாளில், என் கையெழுத்தில், தோற்ற கட்சியாக இருப்பது என் கட்சி மட்டும்தான்.