அளவெடுக்கச் சொல்லி ஒரு ஜெபம்

எழுபத்திரண்டாம் வருசம் ஆடி மாசம், சேலத்துல ஆபரேஷன் பண்ணி என் இடது மார்பை எடுத்துட்டாங்க. புத்துநோய். எனக்கு அப்ப முப்பத்தொம்பது வயசு. பாலக்கோட்டுல பொம்பளைங்களுக்கு ரவிக்கை தைக்கிறதுதான் என் தொழில்.

கட்டோட வூட்டுக்கு வந்த மறுநாளே சபையில இருந்து ஒரு அக்கா பார்க்க வந்தாங்க. ஆரஞ்சுப் பழத்தைக் கையில குடுத்துட்டு, "ஏதோ பாவத்தை மறைச்சிருக்கே பாக்கியம். அறிக்கை பண்ணிடு"ன்னாங்க.

எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. "கிளம்புங்கக்கா"ன்னு பழத்தைத் திருப்பிக் குடுத்துட்டேன். அன்னையில இருந்து ஆண்டவர் மேலயும் கோபம். ஒரு மாசம் முழங்கால் போடவே இல்லை. சாட்சி சொல்ல வந்த இடத்துல உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு?

மிச்ச நோய் திரும்ப வராம இருக்க கரண்ட் வைக்கணும், அதான் மெஷின்ல கதிர் பாய்ச்சணும்னு டாக்டர் சொன்னாரு. நானும் என் வூட்டுக்காரரும் மொரப்பூர்ல ரயிலேறி மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

கரண்ட் எந்தப் பக்கமிருந்து, எவ்வளவு நேரம் படணும்னு முன்னாடியே கணக்குப் போட்டுடுவாங்க. அதுக்கு நெஞ்சை அளக்கணும். எனக்கு முன்னாடி ஒரு ஆந்திரா அம்மா. நல்ல பாரியான உடம்பு. அளவெடுக்கிற ஆள் அவங்க நெஞ்சு மேல ஈயக் கம்பியை வளைச்சு வச்சு, அந்த வளைவை கிராஃப் பேப்பர்ல வரைஞ்சான். என் முறை வந்துச்சு. என்னை ஒரு பார்வை பார்த்தான். அந்தம்மாவோட அளவு நம்பரையே என் சீட்டுலயும் எழுதினான்.

"சார், எனக்கு அளக்கலையே?"

"எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. போய் உக்காரு."

எனக்கும் அந்தம்மாவுக்கும் ஒண்ணா? இருபது வருசமா அளவெடுக்கிறவ நான். ஒரே வயித்துல பொறந்த ரெட்டைப் பொண்ணுங்களுக்கே ஒரே அளவுல ரவிக்கை தைக்க முடியாது. நானோ எலும்பும் தோலுமா நிக்கிறேன். திரும்பக் கேட்கப் போனேன். வூட்டுக்காரர் கையைப் புடிச்சுக்கிட்டாரு. "பேசாம இரு. வைத்தியமே கிடையாதுன்னு தொரத்திட்டா எங்க போவோம்?"

அவரு பயந்தது நியாயம்தான். ஆனா எனக்கு ஆத்திரம் அடங்கலை. வராந்தா மூலையில உக்காந்து, ஒரு மாசத்துக்கப்புறம் ஜெபம் பண்ணினேன். பணிவான ஜெபம் இல்லீங்க. சண்டை. "ஆண்டவரே, இந்த உடம்பை உண்டாக்குனது நீர்தானே? என் அளவு உமக்குத் தெரியும்ல? அப்ப ஏன் சும்மா இருக்கீரு? ஒண்ணு அந்தாளுக்குச் சொல்லும், இல்லைன்னா எனக்கு வாயைக் குடும்."

மறுநாள் காலையில என்னை மெஷினுக்கு அடியில படுக்க வச்சாங்க. கதவைச் சாத்தப் போற நேரம், நான் எழுந்து உக்காந்துட்டேன். அந்தக் குரல் எங்கிருந்து வந்துச்சுன்னு இன்னைக்கும் தெரியலை. "என்னை அளக்காம ஒருத்தரும் கரண்ட் வைக்கக் கூடாது! தொரத்தினாலும் சரி!" கட்டடமே அதிர்ந்துச்சு.

சத்தம் கேட்டுப் பக்கத்து ரூம்ல இருந்து கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் வந்தாரு. கணக்கையெல்லாம் மேற்பார்வை பார்க்கிறவராம். என்னைத் திட்டலை. கம்பியை வாங்கி அவரே என் நெஞ்சுல வளைச்சாரு, தாளுல வரைஞ்சாரு. அந்த ஆந்திரா அம்மாவோட படத்தை அது மேல வச்சுப் பார்த்தாரு.

"நல்லவேளை எழுந்தீங்கம்மா. இந்தக் கணக்குப்படி வச்சிருந்தா கரண்ட் நெஞ்சுச் சுவரோட நின்னிருக்காது. நுரையீரலுக்குள்ள ஆழமாப் போயிருக்கும். இடது பக்கம் வேற, இருதயம் இருக்கிற இடம்."

என் வூட்டுக்காரர் அங்கயே செவுத்தைப் புடிச்சுக்கிட்டு அழுதாரு. அளவெடுத்த ஆள் தரையைப் பார்த்து நின்னான். ஒரு மன்னிப்புகூடக் கேட்கலை. பெரியவர் அன்னைக்கே எல்லார் சீட்டையும் எடுத்துப் பார்த்தாரு. இன்னும் ரெண்டு பொம்பளைங்களுக்கு இதே கதை. அவங்களுக்கும் புதுசா அளந்தாங்க.

அஞ்சு வாரம் எனக்குக் கரண்ட் வச்சாங்க. தோல் கருத்து உரிஞ்சுது, ஆறிடுச்சு. ஆறு வருசமாச்சு. உங்க முன்னாடி உசுரோட நிக்கிறேன். ஸ்தோத்திரம்.

என் கோபம் போயிடுச்சான்னு கேட்கிறீங்களா? இல்லீங்க. ஏழைப் பொம்பளை கேட்க மாட்டான்னு நினைக்கிறவங்களைப் பார்த்தா இன்னும் கொதிக்குது. ஆனா இப்ப அந்தக் கோபத்தை முதல்ல ஆண்டவர்கிட்டதான் கொண்டு போறேன். அவரு முகம் சுளிக்கலை. நீங்களும் அப்படியே போங்க. அழகான வார்த்தை தேடாதீங்க.

வர்ற திங்கக்கிழமை பென்னாகரத்து அம்மா ஒருத்தங்களை மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போறேன். ரொம்ப பயந்திருக்காங்க. அவங்களுக்காக ஜெபம் பண்ணுங்க. அளவெடுக்கிறப்ப நான் பக்கத்துலயே நிப்பேன்.